கயலின் கேமரா பையும் குடும்பக் குழுவும்

கயல்: சித்தப்பா, கேமரா பையை எடை போட்டேன். 9.4 கிலோ. டிக்கெட்டில் கைப்பைக்கு 7 கிலோ என்று இருக்கிறது. எதைக் குறைப்பது?

அம்மா: பாதியைப் பெட்டிக்குள் வைத்து லக்கேஜில் போட்டுவிடு. துணிக்கு நடுவே வைத்தால் உடையாது.

சித்தப்பா: உடையாது அண்ணி, ஆனால் காணாமல் போகலாமே. கயல், உள்ளே இருப்பதை ஒன்றுவிடாமல் சொல்.

கயல்: கேமரா 2, லென்ஸ் 4, ஃபிளாஷ், பேட்டரி 5, சார்ஜர்கள், பவர் பேங்க், சின்ன ட்ரைபாட். பழைய ஃபிலிம் கேமராவும் சுருள்களும் வேறு. இளங்கோவின் ட்ரோன் தனி.

அத்தை: இவ்வளவு சுமையா! கைப்பேசியிலேயே படம் நன்றாகத்தானே வருகிறது?

கயல்: அத்தை, தயவுசெய்து இந்தப் பேச்சு இன்றைக்கு வேண்டாம்.

சித்தப்பா: ட்ரைபாட், சார்ஜர், வயர்கள் எல்லாம் பெட்டிக்குள் போகட்டும். ட்ரைபாடைச் சில விமான நிலையங்களில் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் உதிரி பேட்டரி ஒன்றுகூடப் பெட்டிக்குள் போகக் கூடாது. அது நம் விருப்பமில்லை, விதி. பவர் பேங்கும் உதிரி பேட்டரிதான்.

அம்மா: தீப்பிடிக்கும் பொருள் என்றால் கீழே சரக்கோடு கிடப்பதுதானே நல்லது? ஆட்கள் உட்காரும் இடத்துக்கு ஏன் கொண்டுவரச் சொல்கிறார்கள்?

சித்தப்பா: மேலே புகைந்தால் உடனே தெரியும் அண்ணி. பணியாளர்கள் தண்ணீர் ஊற்றித் தணித்துவிடுவார்கள். சரக்கறையில் தீயை அடக்க ஹாலன் வாயு இருக்கிறது. ஆனால் லித்தியம் பேட்டரியில் ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லுக்குத் தாவ ஆரம்பித்துவிட்டால் அந்த வாயுவால் நிறுத்த முடியாது. 2025 ஜனவரியில் தென் கொரியாவில் புறப்படக் காத்திருந்த விமானம் ஒன்று எரிந்தது. அதன் பிறகு அந்த நாட்டு விமானங்களில் பவர் பேங்கைத் தலைக்கு மேலே உள்ள பெட்டியில் வைக்கவே விடுவதில்லை. கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இளங்கோ: அக்காவின் பவர் பேங்க் 20,000 மில்லி ஆம்பியர் மணி. 100 வாட் மணிதானே வரம்பு?

சித்தப்பா: 20,000 மில்லி என்றால் 20 ஆம்பியர் மணி. அதை 3.7 வோல்ட்டால் பெருக்கு. 74 வாட் மணி. பிரச்சினையில்லை. கேமரா பேட்டரி ஒன்று 16 வாட் மணி வந்தாலே பெரிது. 100க்கு மேல் 160 வரை உள்ளவற்றில் விமான நிறுவனத்திடம் அனுமதி வாங்கி இரண்டு உதிரி கொண்டுபோகலாம். அதற்கும் மேல் என்றால் பயணிகள் விமானத்தில் இடமே இல்லை. கயல், பேட்டரி முனைகளில் டேப் ஒட்டிவிடு. சாவி உரசினால் ஷார்ட் ஆகும்.

கயல்: சரி. அதெல்லாம் எடுத்தும் 7.8 வருகிறது. ஒரு கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளவா?

சித்தப்பா: பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கழுத்தில் இருப்பதையும் எடைத் தட்டில் வை என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு லென்ஸை வீட்டில் வை.

சித்தப்பா: எனக்குக் கவலை எடையைப் பற்றி இல்லை. நீ மாறி ஏறும் இரண்டாவது விமானம் சிறியது என்றாயே, அங்கேதான் சிக்கல். மேலே இடமில்லை என்று ஏறும் வாசலிலேயே பையை வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்கள். 7 கிலோவுக்குள் இருந்தாலும் வாங்குவார்கள், வாதாடிப் பயனில்லை. கொடுப்பதற்கு முன் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் நீ எடுத்தே ஆக வேண்டும். பின்னால் வரிசை நிற்கும்போது ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து துழாவ முடியுமா? ஆகவே பேட்டரி, பவர் பேங்க், மெமரி கார்டுகள், ஒரு கேமரா, அதற்கு ஒரு லென்ஸ் எல்லாம் ஒரே சின்னப் பைக்குள் இருக்கட்டும். அதைப் பெரிய பையில் மேலாக வை. இழுத்தால் கையோடு வர வேண்டும்.

அத்தை: தொலைந்தால் அவர்கள் பணம் தர மாட்டார்களா அண்ணா?

சித்தப்பா: தருவார்கள் செல்வி, ஆனால் உச்சவரம்பு உண்டு. 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகில். 2024 டிசம்பர் 28இலிருந்து இந்தத் தொகை. பெட்டி, துணி, கேமரா எல்லாம் அதற்குள் அடக்கம். பெட்டியை ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டினால் வரம்பு உயரும். தனிக் காப்பீடு எடுத்துவிடுவது எளிது.

கயல்: ஃபிலிம் சுருள்கள்?

சித்தப்பா: பெட்டிக்குள் போடவே போடாதே, அங்கே எக்ஸ்ரே வலுவானது. கைப்பைச் சோதனையிலும் பல இடங்களில் சிடி ஸ்கேனர் வந்துவிட்டது. ஒருமுறை அதில் போனாலே ஃபிலிமில் மூட்டம் விழலாம். சுருள்களைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் போட்டு, கையால் சோதிக்கச் சொல்லிக் கேள். எல்லா நாட்டிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முடிந்தால் எடுத்த சுருளை அங்கேயே கழுவி வாங்கிக்கொண்டு வா. மெமரி கார்டை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது.

இளங்கோ: என் ட்ரோன்?

சித்தப்பா: மொராக்கோ, எகிப்து போன்ற நாடுகளில் அனுமதியில்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பறித்துவைப்பார்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் அந்த நாட்டு விதியைப் பார்த்துவிட வேண்டும்.

இளங்கோ: அக்கா, அது என் அலமாரியிலேயே இருக்கட்டும்.

அம்மா: திரும்பி வரும்போது, இதெல்லாம் அங்கே வாங்கியதா என்று சுங்கத்தில் கேட்டால்?

சித்தப்பா: வாங்கிய ரசீதின் நகலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளட்டும் அண்ணி. புறப்படும்போதே சுங்க அலுவலரிடம் பொருளையும் வரிசை எண்ணையும் காட்டிச் சான்று வாங்கும் வழியும் பல நாடுகளில் உண்டு. தொழிலுக்காகப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோகிறவர்கள் வணிகச் சங்கத்தில் ஏ.டி.ஏ. கார்னே என்ற சுங்க ஆவணம் எடுப்பார்கள். ஓராண்டு வரை வரி கட்டாமல் உள்ளே போய் வெளியே வரலாம். சுற்றிப் பார்க்கப் போகும் கயலுக்கு அது தேவைப்படாது.

கயல்: வரிசை எண்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு லென்ஸில் மட்டும் எண்ணே தென்படவில்லை.

சித்தப்பா: கேமராவில் பொருத்தும் பக்கம், உலோக வளையத்தை ஒட்டிப் பார். கறுப்பு மேல் கறுப்பாகக்கூட இருக்கும். டார்ச்சைச் சாய்த்து அடி.

கயல்: கிடைத்துவிட்டது.