மாணவர் கொப்பியில் நீங்கள் மறக்காத ஒரு பக்கம்

திருகோணமலை மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் தமிழும் தமிழ் இலக்கிய நயமும் படிப்பித்தவள் நான். நயம் எழுதச் சொன்னால் எங்கள் பிள்ளைகளின் கை தானாக ஓடும். “கவிஞர் உவமையைச் சிறப்பாகக் கையாண்டுள்ளார்”, “ஓசை நயம் செவிக்கு இன்பம் தருகிறது.” முப்பது கொப்பியிலும் ஒரே வசனம். பிள்ளைகளில் பிழை இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்கென்று மாதிரி விடையைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

2017இல் மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, வெயிலில் பிள்ளைகள் சோர்ந்து போயிருந்தார்கள். புறநானூற்று 112ஆம் பாட்டை எழுதிப் போட்டேன். பாரி இறந்து பறம்பு மலையும் பறிபோன பிறகு அவனுடைய பெண்பிள்ளைகள் பாடியது, ஐந்தே அடி. அன்றைய நிலவில் எங்கள் தகப்பன் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் குன்றை வேந்தர் கொண்டார், தகப்பனும் இல்லை. அழுதோம் என்று ஒரு சொல் அதில் கிடையாது.

“நயம் வேண்டாம். இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன ஞாபகம் வந்ததோ அதை எழுதுங்கோ. புள்ளி போடமாட்டன்” என்றேன்.

சம்பூர்ப் பிள்ளை ஒருத்தி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். 2006இல் யுத்தத்தால் ஊரை விட்டு ஓடியபோது அவளுக்கு ஐந்து வயது. பிறகு கிளிவெட்டி முகாம், தகரக் கொட்டில். 2015இல் காணி விடுபட்டுத் திரும்பிப் போனால் வீடு இருந்த இடமே தெரியவில்லை, எல்லாம் பற்றை. அம்மம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மண்ணைத் தட்டித் தட்டி நடந்தாவாம். ஓரிடத்தில் நின்று, “இதுதான் அடுப்படி” என்றாவாம். தோண்டிப் பார்த்தால் அம்மி. குழவி இல்லை, அம்மி மட்டும், நடுவில் தேய்ந்த பள்ளத்தோடு.

அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தாள்: “பாரியின் பிள்ளைகளுக்கு மலையும் இல்லை, அப்பாவும் இல்லை. எங்களுக்கு ஊர் திரும்பக் கிடைத்தது. அதனால் நான் கடைசி அடியை மாற்றி வாசித்தேன்: எம் குன்றும் உடையேம், யாம் எந்தையும் இலமே.”

எத்தனையோ வகுப்பில் அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். குன்று திரும்பிக் கிடைத்தால் அந்தப் பிள்ளைகள் என்ன பாடியிருப்பார்கள் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

நிலவை ‘நிளவு’ என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டேன். பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதினேன்: “அந்த அம்மி இப்ப எங்கே?” அடுத்த கிழமை அதற்குக் கீழே பதில் இருந்தது. “புது அடுப்படியில். குழவி வாங்கினோம், அளவு சரியில்லை. அம்மம்மா அதில்தான் சம்பல் அரைக்கிறா.”

அதற்குப் பிறகு வகுப்பில் இதற்கென்று தனிக் கொப்பி வைத்தோம். ஒன்றை மட்டும் கவனித்தேன்: துக்கத்தைத்தான் எழுத வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. ஒரு பையன் வருடம் முழுக்க மாட்டைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும்தான் எழுதினான். அதுவும் எனக்குச் சரிதான். நல்ல எழுத்து, மாட்டின் மூச்சே கேட்கும்.

*

நிலாவெளியிலிருந்து எழுதுகிறேன்.

டீச்சர், உங்கள் பென்சில் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்களுக்குக் குறுந்தொகை 28 படிப்பித்தார்கள், ஔவையார் பாட்டு. என் நோய் அறியாமல் இந்த ஊர் தூங்குகிறதே, முட்டுவேனா, தாக்குவேனா என்று ஒருத்தி தவிக்கிறாள். எனக்கு அம்மாதான் ஞாபகம் வந்தா. வாடைக் காலத்தில் கடல் புரளும்போது அப்பா தொழிலுக்குப் போனால் அம்மா படுக்கமாட்டா. படலையடியில் லாம்போடு குந்தியிருப்பா. சுற்றிவர எல்லா வீடும் இருட்டாக இருக்கும். அதைத்தான் எழுதினேன். “இது தலைவி கூற்று, தாய் கூற்று அல்ல” என்று குறுக்கே கோடு போட்டு, பத்துக்கு மூன்று வந்தது.

சேர் சொன்னது சரி, அது தலைவி கூற்றுத்தான். பரீட்சையில் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை அவர் கேட்டிருக்கலாம். அதோடு தமிழில் எதையும் மனதிலிருந்து எழுதுவதை விட்டுவிட்டேன். இதுதான் பல வருடத்துக்குப் பிறகு எழுதுவது.

*

நான் கிண்ணியா. இப்போது நானும் தமிழ்ப் பாடம்தான் எடுக்கிறேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முன் துறையடியில் காத்து நின்று பாதையில்தான், அதாவது ஆட்களை ஏற்றிவரும் மிதவையில்தான், இந்தப் பக்கம் வர வேண்டும். கடலும் கரையும் சார்ந்த நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல், அதாவது பிரிவில் ஏங்கி வருந்துவது, என்று படித்த அன்று, வாப்பா அந்தக் கரையில் நின்று கையசைத்ததைக் கொப்பியில் எழுதினேன். என் மாணவிகள் பாலத்தில் மூன்று நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு பிள்ளை கட்டாரில் இருக்கும் வாப்பா வீடியோ கோலை வைக்கும் நேரத்தை நெய்தலாக எழுதினாள்: “கடல் இப்ப போனுக்குள்ள இருக்கு மிஸ்.”

டீச்சரிடம் ஒரு கேள்வி. இப்படி ஒன்றை மற்றவர்களுக்குச் சொல்லும் முன் பிள்ளையிடம் கேட்பீர்களா?

*

கட்டாயம் கேட்பேன். வகுப்பில் வாசிப்பதற்கு அவள் அன்றைக்கு ஓமென்று சொல்லவில்லை, நானும் வாசிக்கவில்லை. இங்கே எழுதும் முன் போன வாரம் தொலைபேசியில் கேட்டேன். “பேர் போடாதீங்கோ டீச்சர், அம்மியைப் பற்றி எழுதுங்கோ” என்றாள். அம்மம்மா இப்போது இல்லையாம். குழவி இன்னும் மாற்றவில்லையாம்.

நிலாவெளித் தம்பி, அம்மா அந்த லாம்பை எப்போது அணைப்பா? விடிந்த பிறகா, வள்ளச் சத்தம் கேட்ட பிறகா?