பாப்டிஸ்ட் சபைகளில் அட்வென்ட் கடைப்பிடிக்கப்படுகிறதா?

தடா மருமகள்:
நான் ஆரம்பாக்கத்தில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். திருமணத்துக்குப் பின் தடாவில் கணவர் வீட்டாரோடு தெலுங்கு பாப்டிஸ்ட் சபைக்குச் செல்கிறேன். எங்கள் ஊரில் அட்வென்ட், அதாவது கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய காத்திருப்புக் காலம், தொடங்கியதும் பீடத்தில் ஊதாத் துணி விரித்து, ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்திகள் ஏற்றுவோம். இங்கே அவை எதுவும் இல்லை. பாஸ்டர் ஐயா நவம்பரில் எபேசியர் நிருபத்தை விட்ட இடத்திலிருந்தே டிசம்பரிலும் தொடர்ந்தார். ஆனால் 10ஆம் தேதியே ‘செமி கிறிஸ்மஸ்’ என்று கேக் வெட்டிப் பிரியாணியும் பரிமாறிவிட்டார்கள். காத்திருக்கும் காலம் இல்லாமல் பண்டிகை மட்டும் முந்தி வருவது ஏன்? அத்தையிடம் கேட்டால், “அதி மன பத்ததி காதம்மா” (அது நம் வழக்கம் இல்லையம்மா) என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

முன்னாள் செயலாளர், சூலூர்பேட்டை:
சகோதரி, உங்கள் அத்தை சொல்வது அந்தச் சபையைப் பொறுத்தவரை சரி. எல்லா பாப்டிஸ்ட் சபைகளுக்கும் அது பொருந்தாது. எங்களுக்குப் பேராயரும் இல்லை, மேலிருந்து வரும் திருநாள் அட்டவணையும் இல்லை. அந்தந்தச் சபை தன் கூட்டத்தில் முடிவு செய்வதே வழக்கம். 1609இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித்தோடு கூடிய முதல் பாப்டிஸ்டுகள், இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெப புத்தகத்தை வேண்டாம் என்று விட்டு வந்தவர்கள். அதிலிருந்த திருநாள் வரிசையும் அதோடு போயிற்று. 1840இல் நெல்லூருக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளும் அந்த மரபில் வந்தவர்களே. இன்றோ அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல பாப்டிஸ்ட் சபைகள் மெழுகுவர்த்திகள் பொருத்திய அட்வென்ட் வளையம் வைக்கின்றன. அந்த வளையமும் ஆதித் திருச்சபையின் வழக்கம் அன்று. 1839இல் ஹாம்பர்க்கில் விக்கெர்ன் என்ற லுத்தரன் ஊழியர், தம் விடுதிப் பிள்ளைகள் நாள் எண்ணுவதற்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்ததில் தொடங்கியது அது.

எங்கள் சபையில் வாலிபர்கள் அட்வென்ட் வேண்டும் என்று கேட்டபோது ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது, தீர்மானமும் நிறைவேறியது. முதல் ஞாயிறன்று எவர்சில்வர் தட்டில் வைத்த மெழுகுவர்த்தியை மின்விசிறி இரண்டு முறை அணைத்துவிட்டது. மூன்றாம் முறை தம் தீப்பெட்டியை எடுத்து அதை ஏற்றியவர், கூட்டத்தில் எதிர்த்துக் கைதூக்கிய மூப்பர்.

கும்மிடிப்பூண்டி வாசகர்:
மூப்பரின் அன்பை மதிக்கிறேன். ஆனாலும் அவர் முதலில் எதிர்த்ததே சரி என்பது என் கருத்து. கலாத்தியர் 4:10இல் நாட்களையும் காலங்களையும் கைக்கொள்வதைப் பவுல் கடிந்துகொள்கிறார். தேவன் தாமே நியமித்த முறையில்தான் ஆராதனை அமைய வேண்டும் என்பது பாப்டிஸ்டுகளின் 1689ஆம் ஆண்டு லண்டன் விசுவாச அறிக்கை, 22ஆம் அதிகாரம். அட்வென்ட் வேண்டாம் என்கிறவர்கள் இதே அளவுகோலைச் செமி கிறிஸ்மஸுக்கு மட்டும் நீட்டுவதில்லை; பிரியாணி வாசனை வந்தால் அறிக்கை மறந்துவிடுகிறது போலும்! சகோதரியின் கேள்வி இந்த இடத்தில் நியாயமானது.

முன்னாள் செயலாளர், சூலூர்பேட்டை:
கலாத்தியரில் பவுல் கடிந்துகொள்வது, நாட்களைக் கைக்கொண்டால்தான் நீதிமானாகலாம் என்ற போதனையை. ரோமர் 14:5இல் ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுவதற்கும் மற்றவன் எண்ணாமலிருப்பதற்கும் அவரே இடம் கொடுக்கிறார். மேலும் அட்வென்ட் பெத்லகேமை மட்டும் நோக்கியதல்ல, இரண்டாம் வருகையையும் நோக்கியது. அந்தப் பிரசங்கத்தை நாங்கள் எந்த மாதத்திலும் கேட்கிறோம். சகோதரி, வீட்டில் ஏற்றுவதற்கு யாருடைய தீர்மானமும் தேவையில்லை. சபையில் வேண்டுமானால் அக்டோபர் கூட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். டிசம்பரில் கேட்டால் நட்சத்திரம் கட்டவே ஆள் இருக்காது.

தடா மருமகள்:
நன்றி, ஐயா. இந்த வருடம் வீட்டில் ஏற்றுகிறேன். மின்விசிறி விஷயத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.