திருநர் நோயாளிகள் குறித்த வகுப்புக்கு உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மருத்துவக் கல்லூரி ஒன்றில் சமூக மருத்துவம் கற்பிக்கிறேன். சென்ற மாதம் காய்ச்சலுடன் வந்த திருநங்கை ஒருவர், ஆண்கள் வார்டா பெண்கள் வார்டா என்று எல்லோர் முன்னிலையிலும் விவாதிக்கப்பட்டதைக் கேட்டு, சிகிச்சை பெறாமலே திரும்பிப் போய்விட்டார். அது என்னை இன்னும் உறுத்துகிறது.

2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பின், பால்புதுமையரை (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோரை) இழிவுபடுத்தும் பாடநூல்களுக்கு எதிராகத் தேசிய மருத்துவ ஆணையம் அதே ஆண்டில் எச்சரிக்கை விடுத்தது. ஆயினும், 2024 ஆகஸ்டில் அதே ஆணையம் வெளியிட்ட தடய மருத்துவப் பாடத்திட்டத்தில் தன்பாலுறவு மீண்டும் இயற்கைக்கு மாறான குற்றமாக இடம்பெற்று, கடும் எதிர்ப்புக்குப் பிறகே திரும்பப் பெறப்பட்டது. ஆகவே சுற்றறிக்கைகளை மட்டும் நம்பியிருக்க எனக்கு மனமில்லை.

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இரண்டு மணி நேர வகுப்பொன்றைத் திட்டமிட்டுள்ளேன். நோயாளியின் பெயரையும், அவரை எப்படி அழைக்க வேண்டும் என்பதையும், ஹார்மோன் சிகிச்சை பற்றியும் கூச்சமூட்டாமல் கேட்பதற்கான இயல்பான தமிழ்ச் சொற்றொடர்கள் எனக்குத் தேவை. ஆங்கிலத்தில் கிடைப்பவற்றை அப்படியே மொழிபெயர்த்தால் செயற்கையாக ஒலிக்கின்றன. தம் மருத்துவமனை அனுபவத்தை மாணவர்களிடம் பேச முன்வரும் திருநர்கள் இருந்தால் தெரிவியுங்கள். உரிய மதிப்பூதியம் வழங்குவோம். இத்தகைய வகுப்பை ஏற்கெனவே நடத்தியவர்கள், மாணவர்களின் நடத்தை உண்மையில் மாறியதா என்பதை எவ்வாறு மதிப்பிட்டீர்கள் என்றும் சொல்ல வேண்டுகிறேன்.