பந்தயத்தில் ஓடிய கார் என்பதை எதை வைத்து நம்புவது?

கேள்வி: திருநகர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் ஒரு பெரியவரிடம் 1960களின் தொடக்கத்தில் வந்த பியட் 1100 கார் ஒன்று விலைக்கு இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தேன். அடித்தகடு பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை, இன்ஜினும் ஓடும் நிலையில்தான் உள்ளது. ஆனால் அந்த வண்டி சென்னை அருகே சோழவரத்தில் நடந்த கார் பந்தயத்தில் ஓடியது என்று சொல்லி, வழக்கமான விலைக்கு மேல் நல்ல தொகை கேட்கிறார். கையில் ஆதாரம் என்று எதையும் அவர் காட்டவில்லை.

2025 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் ஒரு ஃபெராரி 250 எல்எம் கார் ஏறத்தாழ 3.5 கோடி யூரோவுக்கு, அதாவது நம் பணத்தில் முந்நூறு கோடி ரூபாய்க்கு மேல், விலைபோனதைப் படித்தேன். பந்தய வரலாற்றுக்குத்தான் அந்த விலை என்றால், அந்த வரலாற்றை எப்படி உறுதி செய்கிறார்கள்? அதே அளவுகோலை நம் ஊர் பியட்டுக்கும் வைத்துப் பார்க்க முடியுமா?

பதில் 1: அழகர்கோவில் சாலை

நீங்கள் குறிப்பிடும் ஃபெராரியின் சேஸிஸ் எண், அதாவது அடிச்சட்டத்தில் பொறித்த எண், 5893. வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பதும் அந்த எண்ணைத்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அந்தக் காலத்தில் ஃபெராரி சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை எண்ணும் பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை எண்ணும் கொடுத்து வந்தது. 250 எல்எம் பிறவியிலேயே பந்தயக் கார். ஆனாலும் அதைப் பந்தயங்களில் சாலைக் கார்களுக்கான வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்று நிறுவனர் என்ஸோ ஃபெராரி பிடிவாதமாக இருந்ததால் ஒற்றைப்படை எண் பெற்றது. மொத்தம் 32 கார்கள்தான் கட்டப்பட்டன, அந்த வகுப்புக்கோ 100 கார்கள் வேண்டும் என்பது விதி. ஆகவே விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

5893ஐ லூயிஜி கினெட்டியின் அமெரிக்க அணியான நார்ட், பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1965இல் 21ஆம் எண்ணுடன் இறக்கியது. ஓட்டியவர்கள் மாஸ்டன் கிரெகரியும் யோக்கன் ரிண்ட்டும். இந்தக் கார் வெல்லும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஃபோர்டின் கார்களும் ஃபெராரி நிறுவனமே இறக்கிய பி2 கார்களும்தான் முன்னணியில் இருந்தன. ஃபோர்டு கார்கள் ஒவ்வொன்றாக இன்ஜின் கோளாறில் நின்றன, பி2 கார்களுக்கு பிரேக் டிஸ்க் வெடிப்பு விட்டது. கடைசியில் டுமே, கோஸ்லன் இருவரும் ஓட்டிய மற்றொரு 250 எல்எம் முன்னிலை பெற்றிருந்தபோது அதன் டயர் வெடித்துவிட, 5893 வெற்றிக்கோட்டைத் தாண்டியது. அதன் பிறகு 2023 வரை எந்த ஃபெராரியும் லெ மானில் ஒட்டுமொத்த வெற்றி பெறவில்லை.

வென்றதும் காரை ஓரம்கட்டி மூடி வைத்துவிடவில்லை என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. அதே காரை நார்ட் அணி மறுபடியும் 1968இலும் 1969இலும் லெ மானுக்குக் கொண்டு சென்றது. 1969இல், பிறந்து நான்காண்டுக்கு மேலான நிலையிலும், எட்டாவது இடம் பிடித்தது. அமெரிக்காவின் டேட்டோனா பந்தயத்திலும் ஓடியது. 1970இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தள அருங்காட்சியகத்துக்குப் போன கார், 2025 ஏலம் வரை அங்கேயே இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே உரிமையாளரிடம் இருந்த வண்டி என்றால், இடையில் யார் கைக்குப் போனது, எந்தப் பாகம் மாறியது என்ற கேள்விகளே குறைந்துவிடுகின்றன. லெ மான் வெற்றிக்கு எவ்வளவு மதிப்போ, என் கணிப்பில் இந்தத் தொடர்ச்சிக்கும் அவ்வளவு மதிப்பு உண்டு.

இவ்வளவு தெளிவான வரலாற்றிலும் ஒரு சர்ச்சை உண்டு. பனியிலும் புகையிலும் கிரெகரியின் மூக்குக்கண்ணாடி மங்கிப்போனதால், இரவில் சிறிது நேரம் மாற்று ஓட்டுநர் எட் ஹியூகஸ் காரை ஓட்டினார் என்று பிற்காலத்தில் ஒரு செய்தி பரவியது. அதிகாரப்பூர்வப் பதிவு அவரை ஏற்கவில்லை. ஓட்டியவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், ஓடியது எந்தக் கார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பதில் 2: சிம்மக்கல்

மேலே எழுதியவர் நல்ல வரலாறு உள்ள காரைச் சொன்னார். வில்லங்கம் உள்ள ஒன்றையும் சொல்ல வேண்டும். 0384 ஏஎம் என்ற சேஸிஸ் எண் கொண்ட ஃபெராரி 375 பிளஸ், 1954இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் கொன்சாலஸ் ஓட்டி வென்ற கார். பின்னாளில் அமெரிக்காவின் ஒஹாயோவில் கழற்றிய நிலையில் கிடந்தபோது 1980களில் திருடுபோய், கடைசியில் ஐரோப்பாவில் வெளிப்பட்டது. உரிமை யாருக்கு என்ற தகராறு ஆண்டுக்கணக்கில் நீடித்து, 2014இல் இங்கிலாந்தின் குட்வுட் ஏலத்தில் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் விற்ற பிறகும் வழக்கு ஓயவில்லை.

நாம் ஒரு மனை வாங்கும்போது மூலப்பத்திரம் முதல் இன்றுவரையிலான வில்லங்கச் சான்று கேட்கிறோம் அல்லவா, இதிலும் அதே முறைதான். சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ் ஆகியவற்றில் பொறித்த எண்களைத் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள். பிறகு ஒவ்வொரு பந்தயத்தின் நுழைவுப் பட்டியல், அன்றைய புகைப்படங்கள், விற்பனை ரசீதுகள் என்று வரிசையாக அடுக்குவார்கள். நடுவில் சில ஆண்டுகள் காணாமல் போனால், விலையும் இறங்கும். இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. ஃபெராரியின் 250 ஜிடிஇ என்ற நான்கு இருக்கைக் கார்கள் பல உடைக்கப்பட்டு, அவற்றின் அடிச்சட்டத்தின் மேல் விலை மிகுந்த பந்தயக் காரான 250 ஜிடிஓ போன்ற உடல் கட்டப்பட்டது. அசல் ஜிடிஓ வெறும் 36தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், எண்தான் காட்டிக்கொடுக்கும்.

திருநகர் வாசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் பெரியவரிடம் நான் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

பதில் 3: விளாங்குடி பட்டறை

தம்பி, முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள். அதில் வரிசையாக உள்ள பெயர் மாற்றங்கள்தான் உங்கள் வண்டியின் உரிமை வரலாறு. பிறகு பானெட்டைத் தூக்கி, சேஸிஸ் எண் அடித்த இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, வெள்ளைத்தாளை ஒட்டிப் பிடித்துப் பென்சிலால் தேய்த்து எண்ணை எடுங்கள். எழுத்துகளின் ஆழம் ஒரே சீராக இருக்க வேண்டும். சுற்றிலும் அரம் போட்ட கோடோ வெல்டிங் மேடோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இன்ஜின் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அது பொருந்தவில்லை என்றால் உடனே மோசடி என்று எண்ண வேண்டியதில்லை; இத்தனை ஆண்டு ஓடிய பியட்டுகளில் இன்ஜின் மாற்றியவை ஏராளம். மாற்றியது புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

சோழவரம் என்பது போர்க்கால விமான ஓடுதளம். அங்கே பந்தயங்களை நடத்தியது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். அவர் சொல்வது உண்மையானால் அன்றைய நிகழ்ச்சிப் புத்தகத்திலோ செய்தித்தாளிலோ ஓட்டியவர் பெயர் இருக்கும். அந்தப் பெயர் ஆர்.சி. புத்தகத்திலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பதிவெண் தெரியும் ஒரு புகைப்படமும் கிடைத்தால், அவர் கேட்கும் கூடுதல் தொகையைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று. ஐம்பது ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளை 2021ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி ‘விஏ’ வரிசையில் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. நீங்கள் தினமும் ஓட்ட நினைத்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

புகைப்படமும் இல்லை, பெயரும் பொருந்தவில்லை என்றால், நல்ல நிலையில் உள்ள பியட் 1100 என்ற அளவுக்கு மட்டும் விலை பேசுங்கள். புறப்படும் முன் சொல்லுங்கள், திருமங்கலத்துக்கு நானும் வருகிறேன்.