மரங்களின் ‘பாப்புலேஷன்’: ஒரு சொல் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,
விதை சேகரிப்போருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜவ்வாது மலையில் தானாக முளைத்து, தமக்குள் மகரந்தம் பரிமாறிக்கொள்ளும் சந்தன மரங்கள் ஒரு பாப்புலேஷன்; கேரளத்து மறையூரில் உள்ளவை இன்னொன்று. ‘மக்கள்தொகை’ பொருந்தாது. ‘மரத்தொகை’ என்று எழுதிக் காட்டினேன், வனக்காவலர் ஒருவர், “மரம் விற்ற பணமா?” என்றார். ‘ஜெனிடிக் டைவர்சிட்டி’க்கு ‘மரபணுப் பன்மை’ இருக்கிறது, அதில் எனக்குக் குழப்பமில்லை. இந்த ஒரு சொல்தான் வேண்டும்.
— மொழிபெயர்ப்பாளர், வேலூர்

அம்மா, புதிதாக ஆக்குவானேன்? இங்கே உயர்தர வகுப்பில் ‘குடித்தொகை’ என்றே படிப்பிக்கிறோம். மாணவர் எவரும் மலைத்ததில்லை.
— உயிரியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

குடித்தொகை என்றால் இங்கே மதுக்கடை வருமானம் என்பார்கள். அது கிடக்கட்டும், என் சண்டை ‘தொகை’யோடு. சந்தனம் வேரிலிருந்து கன்று விடும். ஒரு சரிவில் 40 மரங்களை எண்ணுவீர்கள். அத்தனையும் ஒரே வேரில் கிளைத்தவையாக இருந்தால் மரபணுக் கணக்கில் அது 1. நாற்பதிலும் விதை பொறுக்கினாலும் தாய் ஒன்றுதான். கேரளத்து நிலம்பூரில் 1840-களில் நட்ட தேக்கைப் பாருங்கள்: எண்ணிக்கை இருக்கும், ஆனால் அது மனிதர் நட்ட தோட்டம், இயற்கையில் அமைந்த பாப்புலேஷன் அன்று. எண்ணிக்கை தொனிக்கும் சொல் விதை சேகரிப்பவரை ஏமாற்றிவிடும். ‘மரக்கூட்டம்’ என்று எழுதிவிடுங்கள்.
— ஓய்வுபெற்ற வனத்துறையாளர், கோவை

தொகை என்பது எண்ணிக்கை என்று யார் சொன்னது? குறுந்தொகை என்ன, பாட்டுக் கணக்கா? தொகுத்தது தொகை. குடி என்பது கொள்வினை கொடுப்பினை உள்ள வட்டம். மரங்களுக்குத் தேனீ அதை நடத்திவைக்கிறது. கோவையிலிருந்து கொண்டே ‘கூட்டம்’ என்கிறீர்களே! கொங்கு நாட்டில் கூட்டம் என்றால் குலம்; ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுப்பார்களா? தமக்குள் கலப்பதைச் சொல்ல, கலக்கக் கூடாததன் பெயரையா வைப்பது? நிற்க, ‘மர’ என்ற அடையும் கூடாது. உள்ளே காழ், அதாவது வைரம், உடையதே மரம், புறத்தே காழ் உடையது புல் என்கிறது தொல்காப்பிய மரபியல். அப்படியானால் பனை புல். சந்தனம் தப்பித்தது, அதன் மணமே அகக்காழில்தான். இன்றைய ‘ஜெனிடிக்ஸ்’ துறைக்கும் மரபியல் என்றே பெயர் அமைந்ததைக் கவனியுங்கள். ‘காழ்’ என்ற சொல்லின் வேர் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.
— தமிழாசிரியர், தஞ்சாவூர்

ஐயா, கையேட்டில் பனை இல்லை.
— வேலூர்

கொங்குக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதே அடி குடிக்கும் விழும். ஒரே குடியில் பிறந்த பங்காளிகளும் சம்பந்தம் செய்துகொள்வதில்லை. மரங்கள் செய்துகொள்கின்றன. காட்டை வெட்டித் துண்டாக்கிய இடங்களில் வேறு வழியில்லாமல் உறவுக்குள்ளேயே கலக்கின்றன. விதை நலிகிறது, கன்று தேறுவதில்லை. கையேடு எச்சரிப்பதே அதைத்தானே? பாப்புலேஷன் என்றே வைத்துக்கொள்ளலாம். களத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.
— கோவை

தமிழில் பஸ் இருக்கிறது என்பதற்காகப் பாப்புலேஷனும் ஏற வேண்டுமா?
— தஞ்சாவூர்

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களிலும் ‘குடித்தொகை’ப் பக்கமே ஆள் அதிகம், பாதிப்பேர் ‘ஏதோ ஒன்றைப் போட்டு முடியுங்கள்’ ரகம். அதையே எழுதுகிறேன். முதலில் வரும் இடத்தில் ‘ஒரே இடத்தில் வளர்ந்து, தமக்குள் கொள்வினை கொடுப்பினை உள்ள ஒரே இன மரங்கள்’ என்ற விளக்கம் இருக்கும். வேர்க்கன்று எச்சரிக்கையைத் தனிக் கட்டத்தில் போடுகிறேன்.
— வேலூர்

கட்டத்துக்கு நன்றி. சொல்லுக்கு என் ஒப்புதல் இல்லை. நன்றியுரையில் என்னைச் சேர்க்க வேண்டாம்.
— கோவை

மகிழ்ச்சி. ‘மரபணு’ என்று எழுதியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். எங்களுக்கு அது ‘பரம்பரையலகு’. மரபில் அணு எங்கே இருக்கிறது?
— யாழ்ப்பாணம்