பாடசாலைக் காணியை விற்க வேண்டாம், குத்தகைக்குக் கொடுப்போம்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

மட்டக்களப்புப் பகுதியிலுள்ள நம் ஊர்ப் பாடசாலையின் கடற்கரைப் பக்கக் காணியை முதியோர் குடியிருப்புத் திட்டத்துக்கு விற்பது பற்றிச் சென்ற கிழமை வந்த கடிதத்தையும், அதனோடு இணைத்திருந்த வரைபடத்தையும் கவனமாகப் படித்தேன். ஊரில் தனித்துப்போன முதியவர்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் மறுப்பில்லை. அது பாடசாலைக்குப் பக்கத்திலேயே அமைவதையும் விரும்புகிறேன். காணியை அறுதியாக எழுதிக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். வெளிநாட்டில் வாழும் ஊரவர்களான நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கை உயர்த்துவதற்கு முன்னர் என் காரணங்களை எல்லோரும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தில் "பயன்படாத காணி" என்று குறிக்கப்பட்டுள்ள அந்த மூன்று ஏக்கரை நம்மில் மூத்தவர்கள் விடுதி வளவு என்றுதான் சொல்வோம். 1978 நவம்பர் சூறாவளியில் விடுதியின் கூரை போனது. திருத்திக் கட்டிய பகுதியை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோனது. இப்போது அங்கே இடுப்பளவு உயரத்துக்கு நிற்கும் சில சீமெந்துத் தூண்களும், வாய்க்கட்டு உடைந்த ஒரு கிணறும், தெற்கு எல்லையில் மாரித் தண்ணீர் கடலுக்கு ஓடும் தோணாவுமே மிஞ்சியுள்ளன. ஆயினும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்திய கிழமைகளில் பிள்ளைகள் ஓடிப் பழகுவது அந்த மணலில்தான். 2011 தை மாத வெள்ளத்தில் பாடசாலைக் கட்டடங்களில் தங்கிய குடும்பங்களுக்குச் சமையல் கொட்டில் போடப்பட்டதும் அங்கேதான். இனி ஒரு வெள்ளமோ சூறாவளியோ வந்தால் ஊர் ஒதுங்குவதற்கு வேறு வெறும் நிலம் நம்மிடம் கிடையாது.

விற்பதற்கு முதலில் உரிமை வேண்டும். நம் பாடசாலை, அரசின் உதவி நன்கொடை பெற்றுப் பிறர் நடத்திய பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற காலத்தில் கைமாறிய ஒன்று. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் நிர்வாகத்தை மாற்றியது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வர்த்தமானியில் வெளியான கட்டளைகள் மூலம் ஆதனங்கள் அரசுடைமையாயின. விடுதி வளவு அந்தக் கட்டளையின் அட்டவணைக்குள் வந்திருந்தால் அது அரச காணி. அதை விற்க அதிபருக்கோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கோ, நம் சங்கத்துக்கோ அதிகாரம் இல்லை. அட்டவணைக்கு வெளியே நின்றிருந்தால், அந்தக் காலத்தில் ஊரவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கென்று எழுதிக் கொடுத்த நன்கொடை உறுதிதான் (காணிப் பத்திரம்) இன்றும் அதன் உரிமைக்கு ஆதாரம். அப்படியானால் அது தரும நம்பிக்கைப் பொறுப்புச் சொத்து. பரிபாலனம் செய்வோர் தம் விருப்பப்படி அதைக் கைமாற்ற முடியாது, கல்விக்கென்று கொடுத்ததை வேறு நோக்கத்துக்குத் திருப்பினால் விடயம் நீதிமன்றத்துக்குப் போகலாம். இரண்டில் எது உண்மை என்பது மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமலே விலை பேசத் தொடங்கியிருப்பது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது.

வீடு வாங்க முன்வந்திருப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல வெளிநாட்டில் இருப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் தனி உறுதி எழுதித் தரப்படும் என்று கடிதம் சொல்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசைகளுக்கு இலங்கையில் காணியைப் பொதுவாக அறுதியாக மாற்ற முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் இலங்கைப் பிரசாவுரிமையை விட்டுவிட்டுத் திரும்பப் பெறாதவர்கள் நம்மில் பலர். அவர்களுக்குச் சட்டம் அனுமதிப்பது குத்தகையைத்தான். ஆகவே விற்பனை என்று பேசப்படும் திட்டம் நம்மில் பலருக்குக் கடைசியில் குத்தகையாகத்தான் முடியும். அப்படி இருக்கையில் பாடசாலை ஏன் நிலத்தை முழுமையாக இழக்க வேண்டும்?

இனி முதியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். மூத்தவளுக்குக் கலியாணம் பேசும்போது இருந்த வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்கென்று பக்கத்தில் அத்திவாரம் போட்ட தகப்பன்மார் நம் எல்லோர் குடும்பத்திலும் இருக்கிறார்கள். மகள் அடுத்த வீட்டில் இருப்பாள், கடைசிக் காலத்தில் அவள் கையால் கஞ்சி குடிக்கலாம் என்ற நம்பிக்கையில் நின்ற ஏற்பாடு அது. மகள்மார் இலண்டனுக்கும் சூரிச்சுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்த பிறகு, தாய்மார் மகளின் பெயரில் உள்ள பெரிய வீட்டுக்குக் காவலாக இருக்கிறார்கள். என் பெரியம்மாவின் வீட்டில் மேலே நான்கு அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. அவர் கீழே குசினிக்குப் பக்கத்து அறையில் படுக்கிறார். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகும் நாளில் விடியவே படலைக்குள் நின்று முச்சக்கரவண்டிக்காரத் தம்பியை எதிர்பார்த்திருப்பார். காலை மாத்திரைகளைப் பச்சை மூடிப் போத்தலிலும் இரவு மாத்திரைகளைச் சிவப்பு மூடிப் போத்தலிலும் போட்டுக் கொடுப்பது அந்தத் தம்பிதான். அவருக்கு வேண்டியது கடல் பார்க்கும் மாடி வீடு அல்ல. இரவில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு ஆள், நேரத்துக்குச் சோறு, வழுக்காத குளியலறை, கதைப்பதற்கு நாலு பேர். இத்தகைய பெரியம்மாக்கள் ஒழுங்கைக்கு ஒருவராவது இருக்கும்போது, திட்டத்தின் வரைபடத்தில் அவர்களுக்கென்று ஒரு அறைகூடக் குறிக்கப்படவில்லை. அதில் உள்ளவை எல்லாம் வெளிநாட்டுப் பணத்தில் விலை சொல்லப்பட்ட தனி வீடுகள்.

நான் வாழும் இங்கிலாந்தில் பாடசாலை நிலம் விற்பதையும் முதியோர் குடியிருப்புகளையும் பார்த்திருக்கிறேன். பாடசாலைகள் மைதானங்களைக் கட்டட நிறுவனங்களுக்கு விற்பது பெருகியபோது, 1998ஆம் ஆண்டுப் பாடசாலைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, கல்விக்குப் பொறுப்பான அமைச்சரின் சம்மதம் இல்லாமல் அரச பாடசாலை விளையாட்டு நிலத்தை விற்பதைத் தடுத்தது. ஒரு தலைமுறையில் மிச்சமாகத் தோன்றும் நிலம் அடுத்த தலைமுறையில் போதாமல் போகும் என்பதை அங்கே விற்ற பிறகே பலரும் கண்டுகொண்டார்கள். முதியோர் குடியிருப்புகளில் வேறொரு சிக்கல் உண்டு. வாங்கும்போது சொல்லப்படும் விலை முழுக் கதை அல்ல. மாதப் பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். வீட்டை விற்கும்போது ஒரு பங்கை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். பெற்றோர் இறந்த பிறகும், வீடு விற்கும்வரை பிள்ளைகள் கட்டணம் கட்ட வேண்டிவரும். வீடு விற்கும்போது எடுக்கப்படும் அத்தகைய கட்டணங்களைப் பற்றி அந்நாட்டுச் சட்ட ஆணைக்குழு 2017இல் தனி அறிக்கையே வெளியிட்டது. நம்மிடம் வந்துள்ள கடிதத்தில் பராமரிப்பு யார் பொறுப்பு, கட்டணம் எவ்வளவு, நிறுவனம் இடையில் கைவிட்டால் உள்ளே இருக்கும் முதியவர்களின் கதி என்ன என்பவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆகையால் நான் முன்வைப்பது இதுதான். உறுதி பாடசாலைக்குச் சாதகமாக இருப்பது உறுதிப்பட்டால், வளவின் மேற்குப் பாதியை, அதாவது வீதிப் பக்கத்தை மட்டும், முப்பது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கலாம். அரச காணி என்று தெரியவந்தால் பிரதேச செயலகம் ஊடாக முறையாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும், எடுக்கட்டும். குத்தகைப் பணம் ஆண்டுதோறும் பாடசாலைக்கு வர வேண்டும், கட்டடம் குத்தகை முடிவில் பாடசாலைக்கே சேர வேண்டும். அறைகளில் பாதியாவது ஊரிலேயே இருக்கும், பணம் கட்ட இயலாத முதியவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். அந்தச் செலவை நம் சங்கம் ஏற்கலாம். கோயில் திருவிழாவுக்கு நாம் சேர்க்கும் தொகையைப் பார்க்கும்போது இது நம்மால் முடியாத சுமை அல்ல.

கிழக்குப் பாதியில் எதையும் கட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 2005இல் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குக் கட்டுமானத் தடை அறிவித்துப் பின்னர் தளர்த்தினார்கள். சட்டம் தளர்ந்தாலும் கடல் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. 2004இல் கடல் வந்த அந்தக் காலை ஓட முடிந்தவர்களே பிழைத்தார்கள். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவர்களைக் கொண்டுபோய்க் கடற்கரையில் குடியமர்த்தும் வரைபடத்தை ஊர் அறிந்த எவரும் வரைந்திருக்க மாட்டார்கள். தண்ணீரும் அப்படியே. அந்த மணலில் சில அடியிலேயே கிணற்றுத் தண்ணீர் வருகிறது. மாரியில் தோணா நிறைந்து வளவுக்குள் ஏறுகிறது. திட்டத்தின் நாற்பது வீட்டு மலசலகூடக் குழிகளை அங்கே வெட்டினால் பாடசாலைக் கிணறும் அயல் வீட்டுக் கிணறுகளும் கெட்டுப்போகும்.

பாடசாலைக்கு இன்றே பணம் தேவை என்பதையும் நான் மறுக்கவில்லை. விஞ்ஞான ஆய்வுகூடத்தின் நிலை எல்லோருக்கும் தெரியும். வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளைக் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்புவதற்கு அதுவும் ஒரு காரணம். விற்ற பணத்தில் ஆய்வுகூடம் கட்டலாம். பத்து ஆண்டுகளில் அதற்குத் திருத்தம் தேவைப்படும்போது விற்பதற்கு வேறு காணி இருக்காது. ஆய்வுகூடத்தை நம் கைப்பணத்தில் இந்த ஆண்டே செய்து முடிப்போம். என் பங்கைப் பொருளாளருக்கு அறிவித்துவிட்டேன்.

அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்றே. அடுத்த மாதம் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களில் ஒருவர் காணிப் பதிவகத்தில் விடுதி வளவின் பதிவுப் பிரதிக்கு விண்ணப்பித்து, மண்முனை தென் எருவில்பற்றுப் பிரதேச செயலகத்திலும் கேட்டு, வந்த பதிலை இந்தக் குழுவில் போட வேண்டும். வீட்டுப் பெட்டகங்களில் பழைய உறுதியின் பிரதியோ நில அளவைப் படமோ வைத்திருப்பவர்கள் படம் எடுத்து அனுப்பினால் பெரும் உதவியாக இருக்கும். பதில் வரும்வரை எவரும் முற்பணம் கட்ட வேண்டாம் என்றும், பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலிலிருந்து விற்பனைத் தீர்மானத்தைத் தள்ளி வைக்கும்படி செயலாளரைத் தயவுடன் வேண்டுகிறேன் என்றும் இங்கே பதிந்துகொள்கிறேன்.