குளிரும் பூஞ்சணமும்: வாடகை வீட்டு உரிமையாளரிடம் எதைக் கேட்கலாம்?

கேள்வி
வணக்கம். லண்டன் ஈஸ்ட்ஹாமில், நூறாண்டு கடந்த செங்கல் வீடொன்றின் தரைத்தளத்தில் கணவரோடும் நான்கு வயது மகனோடும் வாடகைக்கு இருக்கிறேன். ஜன்னல்களில் ஒற்றைக் கண்ணாடிதான். காலையில் அதன் உட்புறம் வடியும் நீரைத் துணியில் ஒற்றிப் பிழிந்தால் அரை டம்ளர் தேறுகிறது. மகனின் கட்டிலுக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம். இரவு முழுவதும் ஹீட்டிங் ஓடினாலும் அறை 14 டிகிரியைத் தாண்டுவதில்லை. மீட்டரில் போடும் பணம்தான் கரைகிறது. உரிமையாளரோ, நீங்கள் சமைப்பதும் துணி உலர்த்துவதுமே காரணம் என்கிறார். கவுன்சிலில் புகார் கொடுத்தால் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1
முதலில் உங்கள் வீட்டின் ஆற்றல் திறன் சான்றிதழைப் பாருங்கள்; அதில் ‘ஏ’ (மிகச் சிறந்தது) முதல் ‘ஜி’ (மிக மோசம்) வரை ஒரு தரம் இருக்கும். அரசு இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு செய்யப்பட்ட விலக்கு இருந்தாலொழிய, எஃப், ஜி தர வீடுகளை வாடகைக்கு விட்டிருக்க இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் அனுமதி இல்லை. ‘இ’ என்றிருந்தாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள். 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி கவுன்சில் அதிகாரிகள் பரிசோதிக்கும் ஆபத்துகளில் மிகையான குளிரும் ஒன்று. அது முதல் வகை, அதாவது மிகக் கடுமையான ஆபத்து என்று அவர்கள் மதிப்பிட்டால், நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் கடமை.

மறுமொழி 2
சோறு வடித்துக் குழம்பு வைக்கும் வீட்டில் ஆவி எழத்தான் செய்யும். மூடி போட்டுச் சமைப்பதும், சற்று நேரம் ஜன்னலைத் திறப்பதும் நல்லதே. ஆனால் அந்த ஆவி நீராகப் படிவது சுவரும் கண்ணாடியும் குளிர்ந்து கிடப்பதால். அதற்கு நீங்கள் பொறுப்பல்ல. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் பூஞ்சணத்தால் உயிரிழந்த இரண்டு வயது அவாப் இஷாக்கின் குடும்பத்தின் மீதும் இப்படித்தான் பழி விழுந்தது. இன்றே மகனின் கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டு சாண் தள்ளிப் போடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வெப்பமானியைப் படமெடுத்து வைத்து, முறையீட்டை மின்னஞ்சலிலேயே அனுப்புங்கள். வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் 18 டிகிரியையும் அதில் குறிப்பிடுங்கள்.

மறுமொழி 3
காலி செய்யச் சொல்லும் பயத்தைப் பற்றி ஒன்று: புதிய வாடகையாளர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் காரணம் கூறாமல் நோட்டீஸ் கொடுக்க இங்கிலாந்தில் வழியில்லை. வாடகையை மட்டும் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள்; பாக்கி விழுந்தால் அதுவே அவருக்குக் காரணமாகிவிடும்.

கேட்டவர்
அனைவருக்கும் நன்றி. சான்றிதழைப் பார்த்தேன், ‘எஃப்’ என்றிருக்கிறது. கட்டிலை நகர்த்திவிட்டோம், மின்னஞ்சலை இன்றிரவே எழுதுகிறேன்.